நான் பார்க்கவே முடியாத விளக்கு: சைக்கிள் பின்விளக்கு தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சைக்கிள் பின்விளக்கை வடிவமைப்பவர்களுக்கும், தயாரிப்பவர்களுக்கும், பெட்டியில் என்ன அச்சிடுவது என்று முடிவு செய்பவர்களுக்கும்,

நான்கு வருடமாக நான் நம்பி ஓட்டிவந்த ஒரு பின்விளக்கை உங்களில் ஒரு நிறுவனம் நிறுத்திவிட்டு, அதே பெயரில் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறது. நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. இது ஒருவரோடு முடிகிற விஷயமும் இல்லை, உங்களில் பலர் இதே திசையில்தான் போய்க்கொண்டிருக்கிறீர்கள். பழைய விளக்கில் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் நிலையாக எரியும். சார்ஜ் குறைந்தால் அதன் தலையில் ஒரு சின்னப் புள்ளி நிறம் மாறும், சீட்டில் உட்கார்ந்தபடியே திரும்பிக் குனிந்தால் அது கண்ணில் படும். புதியதில் லுமென், அதாவது பெட்டியில் போடும் ஒளி அளவு, மூன்று மடங்கு, ஆனால் அந்தப் புள்ளியை எடுத்துவிட்டார்கள். அழுத்தியதும் கண்ணைப் பறிக்கிற மினுக்கல்தான் முதலில் வருகிறது, நிலையாக எரியவைக்க இன்னும் நான்கு முறை அழுத்த வேண்டும், அணைத்துப் போட்டால் மறுபடி மினுக்கலிலிருந்தே தொடங்குகிறது. பேட்டரியை மாற்ற முடியாதபடி உடலை ஒட்டிவிட்டார்கள். ஏன் என்று எழுதிக் கேட்டேன். ஒரே வரியில் பதில் வந்தது: வாடிக்கையாளர்கள் அதிக வெளிச்சம் கேட்கிறார்கள்.

அதிக வெளிச்சம் நானும்தான் கேட்கிறேன். ஆனால் யாருக்குத் தெரிய வேண்டிய வெளிச்சம், எவ்வளவு தூரத்தில், எவ்வளவு நேரத்துக்கு என்று நீங்கள் சொல்வதே இல்லை. அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முன்விளக்கு மோசமாக இருந்தால் முதல் குழியிலேயே தெரிந்துவிடும். பிரேக் மோசமாக இருந்தால் முதல் இறக்கத்தில் தெரிந்துவிடும். பின்விளக்கு அப்படியில்லை. காசு கொடுத்து வாங்குகிறவர், அது வேலை செய்யும் நேரத்தில் அதைப் பார்ப்பதே இல்லை. அவர் முதுகுக்குப் பின்னால், அவருக்குத் தெரியாத யாரோ ஒருவர் கண்ணுக்காக அது எரிகிறது. அது மங்கினாலும், கோணம் மாறித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாலும், அணைந்தே போனாலும் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. தானாகச் சோதித்துப் பார்க்க முடியாத ஒரு பொருளை வாங்கும்போது உங்கள் வார்த்தையைத் தவிர அவருக்கு வேறு பிடிமானம் இல்லை. அந்த வார்த்தையைத்தான் நீங்கள் இவ்வளவு அலட்சியமாக அச்சடிக்கிறீர்கள்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் மாலை வேலை முடிந்து கிளம்பும்போது அந்தப் புதிய பின்விளக்கைப் போட்டேன், எரிந்தது, பார்த்துவிட்டுத்தான் ஏறினேன். தெருவிளக்கு இல்லாத நீண்ட சாலை அது. பாதிக்கு மேல் வந்த பிறகு ஒரு பைக்காரர் பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்து, "பின்னாடி லைட்டே எரியலையே, கிட்ட வந்த பிறகுதான் ஆள் இருக்கிறதே தெரிஞ்சுது" என்று சொல்லிவிட்டுப் போனார். நிறுத்தி இறங்கிப் பார்த்தால் விளக்கு செத்துக் கிடந்தது. எப்போது அணைந்தது என்று எனக்குத் தெரியாது. அதுவரை எத்தனை வண்டிகள் என்னைக் கடந்து போயின என்று யோசித்துக்கொண்டே மீதித் தூரத்தைச் சாலையோரத்தில் தள்ளிக்கொண்டு நடந்தேன். பெட்டியில் 12 மணி நேரம் என்று போட்டிருந்தது. முழுதாக சார்ஜ் செய்த பிறகு நான் ஓட்டியது ஐந்து மணி நேரம்கூட இருக்காது. வீட்டுக்கு வந்து பெட்டியைத் தேடி எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தபோதுதான் கீழே எறும்பு அளவு எழுத்தில் இருந்தது: அந்த 12 மணி நேரம் மிகக் குறைந்த வெளிச்சத்து மினுக்கலுக்கு. பெரிதாக முகப்பில் போட்டிருந்த லுமென் எண் வேறொரு எரியும் முறைக்கு (மோடுக்கு). இரண்டும் ஒரே விளக்கில் ஒரே நேரத்தில் கிடைக்கவே கிடைக்காது, ஆனால் பெட்டியில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன.

சில மாதம் கழித்து என் அக்கா மகளுக்குப் பின்விளக்கு வாங்கப் போனோம். அவள் அப்போதுதான் இருட்டிய பிறகும் சைக்கிளில் தனியாக வரத் தொடங்கியிருந்தாள். கையில் மூன்று பெட்டிகளை வைத்துக்கொண்டு, "மாமா, இதுல 30, இதுல 100, இதுல 300, அப்ப 300தானே நல்லது?" என்றாள். அவள் கேட்டது நியாயம், பெட்டியில் ஒப்பிட வேறு எதுவும் இல்லை. அது தப்பு என்று எனக்குத் தெரியும். ஆனால் எது சரி என்று சொல்ல, வருடக்கணக்காக சைக்கிள் ஓட்டுகிற எனக்கும் அந்த மூன்று பெட்டிகளில் ஆதாரம் கிடைக்கவில்லை.

லுமென் என்பது விளக்கிலிருந்து எல்லாத் திசையிலும் வெளியேறுகிற மொத்த ஒளி. இது உங்களுக்குத் தெரியும், வாங்குகிறவர்களுக்குத்தான் தெரியாது. பின்னால் வருகிற ஓட்டுநரின் கண்ணுக்கு எவ்வளவு வருகிறது என்பதைச் சொல்வது கேண்டெலா, அதாவது ஒரு குறிப்பிட்ட திசையில் போகிற ஒளியின் செறிவு. கணக்குப் போட்டுப் பாருங்கள். வெறும் 20 லுமென் ஒளியை மைய அச்சிலிருந்து 10 டிகிரிக்குள் அடங்கும் கூம்பில் குவித்தால் சுமார் 200 கேண்டெலா வரும். அதே 20 லுமெனை 60 டிகிரி வரை பரப்பினால் சுமார் 6 கேண்டெலாதான். ஒரே லுமென், முப்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். இதில் முதலாவது நேர் பின்னால் வருகிறவருக்குக் கண் கூசும், குறுக்குத் தெருவிலிருந்து வருகிறவருக்குக் காணவே காணாது. இரண்டாவது எல்லாப் பக்கமும் தெரியும், தூரத்தில் சன்னமாகிவிடும். நல்ல பின்விளக்குக்கு இரண்டும் வேண்டும்: நேர் பின்னால் ஒரு செறிவான கற்றை, பக்கங்களுக்கு மெல்லிய ஒரு பரவல். 30 லுமெனில் இதை ஒழுங்காகச் செய்த விளக்கு, ஒளியைக் குவிக்கும் வில்லையே (லென்ஸ்) இல்லாமல் 100 லுமெனைக் கொட்டுகிற விளக்கைவிட மேல். ஆனால் கடை அலமாரியில் 30 என்ற எண் 100-க்குப் பக்கத்தில் நின்று தோற்றுப்போகும். அந்தப் போட்டியை உருவாக்கியது வாடிக்கையாளர் அல்ல, எந்த எண்ணைப் பெரிதாக அச்சிடுவது என்று முடிவு செய்த நீங்கள்தான்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் 2005-இல் மினுக்கும் சைக்கிள் விளக்கை அனுமதித்தபோது போட்ட நிபந்தனை, நிமிடத்துக்கு 60 முதல் 240 முறை மினுக்க வேண்டும், குறைந்தது 4 கேண்டெலா இருக்க வேண்டும் என்பது. நான்கே நான்கு. அது குறைந்தபட்சம்தான், அது போதும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சட்டம் எழுதியவர்கள்கூட லுமெனை விட்டுவிட்டுக் கேண்டெலாவில்தான் பேசியிருக்கிறார்கள்.

சரி, பெட்டி சொல்லாததை நானே பார்த்துவிடலாம் என்று ஒரு நண்பரைக் கூப்பிட்டேன். என் சைக்கிளை அவர் ஓட்ட, நான் பின்னால் இருட்டில் நின்றேன். நேரான சாலை, மூன்று விளக்குகள், ஒவ்வொன்றையும் மாட்டி அவர் போய்த் திரும்பினார். இத்தனை வருடத்தில் என் சைக்கிளைப் பின்னாலிருந்து இரவில் நான் பார்த்தது அதுதான் முதல் முறை. நான் மிகவும் நம்பியிருந்த, கையில் பிடித்தால் கண்ணைத் திறக்க முடியாத விளக்கு, நூறு அடி போனதும் பொசுக்கென்று மங்கிவிட்டது. இன்னொன்று, கையில் சாதாரணமாக இருந்தது, கடைசி வரை தெளிவான சிவப்புப் புள்ளியாக நின்றது. முதலாவது ஏன் மங்கியது என்று சைக்கிளைத் திரும்பக் கொண்டுவந்த பிறகு பார்த்தோம். அது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இந்தக் கோண விஷயத்தில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். பெரும்பாலான சைக்கிள்களில் சீட் கம்பி செங்குத்தாக நிற்பதில்லை, தரையோடு சுமார் 73 டிகிரி கோணத்தில் பின்னால் சாய்ந்திருக்கும். அந்தக் கம்பியில் உங்கள் விளக்கை ரப்பர் பட்டையால் கட்டினால், விளக்கு நேர் பின்னால் பார்க்காது, 17 டிகிரி கீழே பார்க்கும். 80 சென்டிமீட்டர் உயரத்தில் கட்டிய விளக்கின் கற்றை மையம் சைக்கிளுக்குப் பின்னால் இரண்டரை மீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்திலேயே தரையைத் தொட்டுவிடும். நான் காசு கொடுத்து வாங்கிய வெளிச்சத்தில் நல்ல பகுதி தார்ச் சாலைக்குப் போய்விட்டது. சீட்டுக்கு அடியிலிருந்து பின்சக்கர அச்சுக்கு இறங்குகிற இரட்டைக் கம்பியில் கட்டினால் நேர் எதிர், அது வானத்தைப் பார்க்கும். இதற்குத் தேவை ஒரு சாய்வான ரப்பர் ஆப்பு, அவ்வளவுதான். சிலர் கொடுக்கிறீர்கள், அவர்களுக்கு நன்றி. பலர் கொடுப்பதில்லை. கொடுக்கிறவர்களிலும் அது எதற்கு என்று ஒரு வரி எழுதுகிறவர்கள் குறைவு, அதனால் அது பெட்டியோடு குப்பைக்குப் போகிறது. குறுகிய கற்றை வைத்து கேண்டெலாவை ஏற்றியிருக்கிற விளக்குக்குத்தான் கோணம் உயிர், அந்த விளக்குகளோடுதான் ஆப்பு வருவதில்லை.

அடுத்தது கண்கூச்சம். எனக்குப் பின்னால் வருகிறவர்களும் மனிதர்கள். நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து விடியற்காலையில் ஓட்டுவோம். புதிய விளக்கோடு நான் முதல் நாள் போனபோது பத்து நிமிடத்தில் பின்னால் வந்தவர், "இதை அணைச்சிடுங்க, இல்லேன்னா நீங்க கடைசியா வாங்க" என்றார். அவர் சொன்னது சரி. மூன்று மீட்டர் பின்னால் வருகிறவர் கண்ணில் விழும் ஒளி, 150 மீட்டர் பின்னால் வருகிற காரோட்டியின் கண்ணில் விழுவதைப்போல் 2,500 மடங்கு. தூரம் இரட்டிப்பானால் ஒளி கால்வாசியாகிவிடும் என்கிற பள்ளிக்கூடக் கணக்குதான் இது. அதனால் தூரத்தில் தெரியவேண்டுமானால் பக்கத்தில் இருப்பவருக்குக் கூசத்தான் செய்யும், வேறு வழியில்லை என்று உங்களில் சிலர் சொல்கிறீர்கள். வழி இருக்கிறது. மூன்று மீட்டரில் வருகிற சைக்கிள்காரரின் கண் என் விளக்கைவிட சுமார் 80 சென்டிமீட்டர் மேலே இருக்கும், அதாவது விளக்கிலிருந்து பார்த்தால் 15 டிகிரி மேலே. நூறு மீட்டரில் வருகிற காரோட்டியின் கண் அரை டிகிரிகூட மேலே இருக்காது. உயரமான லாரி ஓட்டுநரும் 50 மீட்டரில் இரண்டு டிகிரிக்குள்தான் இருப்பார். ஆக, கிடைமட்டத்தைச் சுற்றிச் சில டிகிரிக்குள் செறிவாகவும், பத்து டிகிரிக்கு மேலே மென்மையாகவும் ஒளியை வெட்டி அனுப்புகிற ஒரு வில்லை போதும், இருவருக்கும் நியாயம் செய்துவிடலாம். முன்விளக்கில் இந்த மேல்வெட்டை எதிரே வருகிறவர்களுக்காகச் செய்யத் தெரிந்த உங்களுக்குப் பின்விளக்கில் செய்யத் தெரியாதா?

மினுக்கலைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கிறது. ஜெர்மனியில் சைக்கிளின் பின்விளக்கு மினுக்கக் கூடாது என்பதே விதி, பிரிட்டனில் மினுக்கலாம். என் அனுபவம் இது: பகலில், குறிப்பாக வெயிலும் நிழலும் கலந்த சாலையில், மினுக்கல் கவனத்தை இழுக்கிறது. இரவில், சுற்றிலும் ஒன்றுமே தெரியாத இருட்டில், விட்டுவிட்டு எரிகிற ஒற்றைப் புள்ளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று கணிக்க முடியவில்லை. அணைந்திருக்கும் அந்த நொடியில் கண் பிடியை இழந்துவிடுகிறது. நண்பர் ஓட்டி நான் நின்று பார்த்தபோதும் இதை உணர்ந்தேன். நிலையாக எரியும்போது அவர் விலகிப்போவது தெரிந்தது, மினுக்கும்போது அவர் அங்கங்கே தோன்றி மறைந்துகொண்டிருந்தார். எனக்குப் பிடித்தது நிலையான வெளிச்சத்தின் மேல் அவ்வப்போது ஒரு துடிப்பு வருகிற முறை, அது முழுவதுமாக அணைவதே இல்லை. உச்சி வெயிலில் தரையில் விழும் ஒளி ஒரு லட்சம் லக்ஸைத் தொடும், பௌர்ணமி நிலவில் கால் லக்ஸ் அளவுதான். இந்த இரண்டுக்கும் ஒரே முறையை, அதிலும் பகலுக்கான முறையையே பொத்தானின் முதல் அழுத்தத்தில் வைத்தால், பெரும்பாலானவர்கள் அதையே இரவிலும் ஓட்டிக்கொண்டு போவார்கள். கையுறை போட்ட கையோடு, மழையில், ஆறு முறைகளை அழுத்தித் தாண்டி யாரும் சரியானதைத் தேடமாட்டார்கள்.

நேரக் கணக்குக்குத் திரும்புகிறேன். கை விளக்குகளுக்கான எஃப்எல்1 என்கிற தரநிலையில், எரியும் நேரம் என்பது போட்ட 30 நொடிக்குப் பிறகு இருந்த வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை உள்ள நேரம். கை விளக்கு வைத்திருப்பவர் மங்குவதைக் கண்ணால் பார்ப்பார், பேட்டரி மாற்றுவார். சைக்கிள் பின்விளக்குக்கும் அதே அளவுகோலை எடுத்துக்கொண்டால், பத்தில் ஒன்பது பங்கு ஒளியை இழந்த பிறகும் அது 'எரிந்துகொண்டிருக்கிறது' என்று கணக்கில் வரும். லித்தியம் பேட்டரி முழு சார்ஜில் 4.2 வோல்ட், தீரும்போது 3 வோல்ட் பக்கம். நடுவில் மின்னோட்டத்தைச் சீராகப் பிடித்து வைக்கிற சுற்று இல்லையென்றால் வெளிச்சம் வழி நெடுக இறங்கிக்கொண்டேதான் போகும். குளிர் நாளில் இன்னும் சீக்கிரம். சிவப்பு எல்இடிக்கு இன்னொரு பலவீனமும் உண்டு, சூடேறினால் மற்ற நிறங்களைவிட அதிகமாக மங்கும். சின்ன பிளாஸ்டிக் கூட்டுக்குள் அதை முழு வேகத்தில் ஓட்டி முதல் நிமிடத்தில் அளந்த எண்ணை முகப்பில் போடுவது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

நிறத்தைப் பற்றி ஒரே ஒரு சொல். நம் கண் பகல் வெளிச்சத்தில் 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சைக்குத்தான் மிகவும் கூர்மையாக வேலை செய்கிறது. 625-ஐ ஒட்டிய சிவப்பில் அந்தக் கூர்மை மூன்றில் ஒரு பங்கு. 660-க்குப் போனால் பதினாறில் ஒரு பங்கு. ஆழ்ந்த சிவப்பு அழகாக இருக்கலாம், ஆனால் பேட்டரியைத் தின்று தெரியாமல் போகும். வெள்ளை எல்இடிக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடியை வைத்து விற்கிறவர்கள் ஒளியில் பெரும்பகுதியை அந்தக் கண்ணாடியிலேயே கொன்றுவிடுகிறார்கள்.

தண்ணீரும் அப்படித்தான். ஐபிஎக்ஸ்4 என்றால் எல்லாப் பக்கத்திலிருந்தும் தெறிக்கிற நீரைத் தாங்கும் என்று அர்த்தம். மட்கார்டு இல்லாத சைக்கிளில் பின்சக்கரம் சேற்று நீரைக் கீழேயிருந்து மேலே தொடர்ச்சியாக வாரி அடிக்கும். அந்த அடிப்பக்கத்தில்தான் நீங்கள் யுஎஸ்பி துளையை வைக்கிறீர்கள், அதை ஒரு ரப்பர் மூடியால் மூடுகிறீர்கள். அந்த மூடி ஒரு வருடத்தில் தளர்ந்துவிடும். என்னிடம் இப்படிப் போனவை இரண்டு, இரண்டிலும் எல்இடி நன்றாகவே இருந்தது, துளை பச்சை பிடித்துவிட்டது. பேட்டரி மாற்ற முடியாது, மூடி தனியாகக் கிடைக்காது, ரப்பர் பட்டை வெயிலில் விரிந்து அறுந்தால் அதுவும் கிடைக்காது. நன்றாக எரிகிற விளக்கை ஒரு பட்டைக்காகத் தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை. சைக்கிள் டியூப்பை அறுத்துக் கட்டி வைத்திருக்கிறேன்.

இவ்வளவும் எதற்கு என்று கேட்பீர்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார், 20-இல் நான். இருவருக்கும் நடுவிலான இடைவெளி நொடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் சுருங்கும். என்னை 50 மீட்டரில்தான் பார்க்கிறார் என்றால் அவருக்கு இருப்பது மூன்று நொடி. 200 மீட்டரில் பார்த்தால் 12 நொடி. மூன்று நொடியில் பதறிப்போய்ப் பிரேக் அடிப்பார், பன்னிரண்டு நொடியில் நிதானமாக ஒதுங்கிப் போவார். சரியான கோணத்தில் இருக்கிற, சாகாத ஒரு விளக்கு அந்த ஒன்பது நொடியைத் தருகிறது.

டென்மார்க்கின் ஓடென்சே நகரத்தில் 2004-05-இல் 3,845 சைக்கிள்காரர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் எப்போதும் எரிந்துகொண்டேயிருக்கும் விளக்குகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். விளக்கு வைத்திருந்தவர்களிடம் காயம்பட்ட விபத்து விகிதம் 19 சதவீதம் குறைவாக இருந்தது. அவை ராட்சச லுமென் விளக்குகள் அல்ல, சக்கரத்தில் மாட்டிய காந்தம் சுழல்வதால் எரிகிற சின்ன விளக்குகள். அவற்றின் சிறப்பே, அணைக்க மறக்கவும் முடியாது, போட மறக்கவும் முடியாது, சார்ஜ் தீரவும் தீராது என்பதுதான். விபத்துகளை ஓட்டுகிறவர்களே தெரிவித்தார்கள் என்பதால் அந்த எண்ணை அப்படியே தூக்கிப்பிடிக்க வேண்டாம். ஆனால் நம்பகமான சின்ன வெளிச்சத்துக்கு மதிப்பு உண்டு என்று அது காட்டுவதை என்னால் ஒதுக்க முடியவில்லை.

இங்கே முழு சைக்கிளைத் தயாரிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒன்றை மட்டும் மாட்டி அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்கிறீர்கள். ரிஃப்ளெக்டர் நல்லது, நான் கழற்றியதே இல்லை, விளக்கு செத்த அன்று என்னைக் காப்பாற்றியது அதுவாகத்தான் இருக்கும். ஆனால் மேலே ஒரு முகப்பு விளக்கின் வெளிச்சம் விழுந்தால்தான் அது திருப்பி அனுப்பும். குறுக்கே வருகிறவருக்கும், முகப்பு விளக்கு சரியில்லாதவருக்கும் அது வெறும் பிளாஸ்டிக். கேரியரின் பின்புறத்தில் 50 அல்லது 80 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு துளை வைத்தால் ஒரு விளக்கை நிரந்தரமாக, செங்குத்தாக, மூட்டையோ நீண்ட சட்டையோ மறைக்காதபடி திருகிவிடலாம். பல கேரியர்களில் அந்தத் துளைகளை வைக்க ஒரு தகடே இல்லை. சீட் கம்பியில் கட்டினால் என் சட்டை மறைக்கிறது, கேரியரில் பை வைத்தால் பையும் மறைக்கிறது. பிறகு எங்கேதான் மாட்டுவது?

இனி நான் கேட்பதைச் சொல்கிறேன். எதுவும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, ஒவ்வொன்றையும் உங்களில் யாரோ ஒருவர் ஏதோ ஒரு மாடலில் ஏற்கெனவே செய்திருக்கிறீர்கள்.

பெட்டியின் முகப்பில் லுமெனுக்குப் பக்கத்தில், அதே எழுத்து அளவில், கேண்டெலாவை அச்சிடுங்கள்: நேர் பின்னால் எவ்வளவு, பக்கவாட்டில் 45 டிகிரியிலும் 80 டிகிரியிலும் எவ்வளவு, மேலே 15 டிகிரியில் எவ்வளவு. நான்கே எண்கள். என் அக்கா மகள் அதைப் பார்த்துத் தானாகவே தேர்ந்தெடுத்துவிடுவாள்.

எரியும் நேரத்தை எந்த முறைக்கு என்று சொல்லாமல் எங்கேயும் போடாதீர்கள். நிலையாக எரியும் இரவு முறையில், வெளிச்சம் பாதிக்குக் கீழே இறங்கும் வரை எத்தனை மணி நேரம் என்பதே பெரிய எண்ணாக இருக்கட்டும். மற்றதெல்லாம் அதற்குக் கீழே வரட்டும்.

முதல் அழுத்தத்தில் நிலையான இரவு வெளிச்சம் வரட்டும். கடைசியாக வைத்த முறையை விளக்கு நினைவில் வைத்துக்கொள்ளட்டும். பகல் மினுக்கலை நீங்கள் எவ்வளவு பிரகாசமாகச் செய்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை, அதை வேண்டுமென்று தேடிப் போட்டால் மட்டும் வரும்படி செய்யுங்கள். சுற்றுப்புற ஒளியை உணரும் சென்சார் வைத்து இருட்டியதும் தானாக இரவு முறைக்கு மாறினால் இன்னும் நல்லது.

சார்ஜ் தீரப்போகும்போது திடீரென்று சாக விடாதீர்கள். மிச்சமிருப்பதை வைத்துக் குறைந்த வெளிச்சத்தில் ஒரு மணி நேரமாவது எரிந்து என்னை வீட்டில் சேர்க்கட்டும். அந்த நிலைக்கு வந்துவிட்டது என்று சீட்டிலிருந்து திரும்பினால் தெரிகிற இடத்தில் ஒரு புள்ளி எரியட்டும். எடுத்துவிட்ட அந்தப் புள்ளியைத் திருப்பிக் கொடுங்கள். இந்த மடலில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

சாய்வு ஆப்பைப் பெட்டிக்குள் வையுங்கள், சீட் கம்பிக்கு ஒன்று, பின்கம்பிக்கு ஒன்று. விளக்கு தரையோடு செங்குத்தாக நிற்க வேண்டும், சுவரிலிருந்து சில அடி தள்ளி நிறுத்திப் பார்த்தால் சிவப்பு வட்டம் விளக்கின் உயரத்திலேயே விழவேண்டும் என்று ஒரு படம் போட்டுக் காட்டுங்கள். யுஎஸ்பி துளையைச் சக்கரத்தின் பக்கத்திலிருந்து நகர்த்துங்கள். உடலை ஒட்டாமல் நான்கு திருகு போட்டு மூடுங்கள், பேட்டரியின் அளவையும் வகையையும் உள்ளே எழுதி வையுங்கள்.

சைக்கிள் தயாரிப்பாளர்களே, கேரியரில் அந்த இரண்டு துளைகளை வையுங்கள். முடிந்தால் டைனமோ ஹப், அதாவது சக்கரம் சுழலும்போது அதன் நடுவிலேயே மின்சாரம் உண்டாக்கும் அமைப்பு, உள்ள மாடல்களை விலை உயர்ந்தவற்றோடு நிறுத்திவிடாதீர்கள். 6 வோல்ட், 3 வாட் கொடுக்கும் ஹப்பும், நின்ற பிறகும் சில நிமிடம் எரிய ஒரு கெபாசிட்டர் வைத்த பின்விளக்கும் இருந்தால் மேலே புலம்பியதில் பாதி எனக்குத் தேவையே இல்லை.

கடைசியாக, எனக்கு ஒற்றை வரியில் பதில் அனுப்பிய நிறுவனத்துக்கு. புதிய மாடலின் பெட்டி அடுத்த முறை அச்சுக்குப் போவதற்குள் அந்த 12 மணி நேரம் எந்த முறைக்கு என்பதை முகப்பிலேயே எழுதுங்கள். பழைய மாடலின் ரப்பர் பட்டையையும் துளை மூடியையும் தனியாக விற்கத் தொடங்குங்கள். எத்தனை வேண்டுமென்று கேட்டால், எனக்கு மட்டும் ஒவ்வொன்றிலும் நான்கு.